மொறிஸ் மைனர் 1000: எந்த எஞ்சின், எந்தக் கியர்பெட்டி?

கோப்பாய் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பாவின் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நான்கு கதவுக் கார், நீண்ட காலம் கொட்டிலில் நின்றபின் இப்போது தகரவேலை முடிந்து வர்ணம் பூசும் நிலைக்கு வந்துள்ளது. ஶ்ரீ இலக்கத் தகடும் பழைய பதிவுப் புத்தகமும் பத்திரமாக இருக்கின்றன. எஞ்சின் இலக்கம் 9M என்று தொடங்குகிறது, அதாவது காருடன் வந்த 948 சீசி எஞ்சினே இன்னும் காரில் இருக்கிறது. ஆனால் அது இறுகிப்போயிருந்ததைப் பொறுமையாக எண்ணெய் விட்டுத்தான் சுழல வைத்தோம். கியர்பெட்டியில் இரண்டாம் கியர் கழன்று விழுகிறது. பின் அச்சில் சத்தம் ஏதும் இல்லை.

கராஜில் நான்கு வழிகள் சொல்கிறார்கள். இருக்கும் எஞ்சினையே லேத் பட்டறைக்கு அனுப்பித் திருத்துவது ஒன்று. கொடிகாமத்தில் ஒருவரிடம் கிடக்கும் 1098 சீசி மொறிஸ் எஞ்சினை அதன் கியர்பெட்டியுடன் வாங்குவது இன்னொன்று. பழைய டட்சன் சன்னியின் ஏ12 எஞ்சினை ஐந்து கியர்ப் பெட்டியோடு ஏற்றுவது மூன்றாவது. டொயோட்டா லைற்ஏஸ் வானின் 5கே எஞ்சின் நான்காவது. கடைசி இரண்டையும் பற்றிப் பேசும்போது கராஜ்காரரின் முகம் மலர்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கார் பெரும்பாலும் யாழ்ப்பாண நகரத்துக்குள்ளும் வலிகாமத்திலும் ஓடும். எப்போதாவது குடும்பத்துடன் ஏ9 வீதியால் கொழும்புக்குப் போக விரும்புகிறேன். காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை. அதேவேளை பெரியப்பாவின் காராகவே அது இருக்க வேண்டும் என்பதும் வீட்டாரின் விருப்பம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேராதனைப் பட்டறை எழுதியது:

தம்பி, கேள்வியை நீங்கள் எஞ்சினிலிருந்து தொடங்குகிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மொறிஸ் மைனரைப் பொறுத்தவரை பின் அச்சிலிருந்து தொடங்கி முன்னே வருவதுதான் காசை மிச்சப்படுத்தும் வழி.

உங்கள் காரின் பின் அச்சு விகிதம், யாரும் மாற்றியிராவிட்டால், 4.555 ஆக இருக்கும், அதாவது பின் சில்லு ஒரு முறை சுற்ற பிரொப்பெல்லர் தண்டு 4.555 முறை சுற்றும். ஒன்பது பல் பினியன், நாற்பத்தொரு பல் கிரவுண் சக்கரம். 14 அங்குலச் சில்லுடன் இது நான்காம் கியரில் எஞ்சினின் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் ஏறக்குறைய 24 கிலோமீற்றர் வேகம் தரும். நகரத்துக்கு வெளியே கார்களுக்கு உள்ள சட்ட வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்றில் ஓடும். 948 சீசி எஞ்சின் தன் அதிகபட்ச இழுவையைக் கொடுப்பது 2,500 சுற்றளவில். ஆகவே பழைய விகிதத்திலேயே ஏ9 வீதியில் அது சிரமமின்றிப் போகும், காதுக்குள் மட்டும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும்.

1962இன் பிற்பகுதியில் 1098 சீசி எஞ்சின் வந்தபோது தொழிற்சாலை பின் அச்சையும் 4.22 ஆக மாற்றியது. அதே 70 கிலோமீற்றருக்கு இப்போது 2,650 சுற்று போதும். வித்தியாசம் காகிதத்தில் சிறியதாகத் தெரிந்தாலும், வவுனியாவிலிருந்து மதவாச்சி வரை ஒரே சீராக ஓட்டும்போது நன்றாகவே உணரப்படும். அத்தோடு குதிரைத்திறன் 37இலிருந்து 48 ஆக உயர்ந்தது, கிளச் தட்டு ஆறேகால் அங்குலத்திலிருந்து ஏழேகால் அங்குலமானது, முன் பிறேக் டிரம் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமானது, கியர்பெட்டியின் உறையும் கியர் உரசாமல் விழச் செய்யும் உள்ளிருக்கும் சிங்ரோ வளையங்களும் மாறின. ஒரு எஞ்சினைப் பெரிதாக்கியவர்கள் அதனோடு எவற்றையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது என்பதை இந்தப் பட்டியலே சொல்கிறது. எஞ்சினை மட்டும் பெரிதாக்கி மற்றவற்றை விட்டுவிட்டால், அவை ஒவ்வொன்றாக உங்களிடம் பின்னர் கணக்குக் கேட்கும்.

என் தெரிவு 1098தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கொடிகாமத்துக்காரரிடம் எஞ்சினும் கியர்பெட்டியும் மட்டும் வாங்க வேண்டாம். அதே காரின் டிபரன்சலையும் (பின் அச்சுக்குள் இருக்கும் பினியன், கிரவுண் சக்கரத் தொகுதி) முன் பிறேக் டிரம்களையும் அவற்றின் தகடு, சிலிண்டர்களோடு சேர்த்துக் கேளுங்கள். டிபரன்சல் முழு அலகாகப் பின் அச்சின் முன்பக்கத்தில் போல்ட்டால் பூட்டப்பட்டிருப்பதால், அரைத் தண்டுகளைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் முழுவதாகவே கழன்று வரும். உங்கள் அச்சுக்குள் அது அப்படியே உட்காரும். எஞ்சின் தாங்கிகளில் எந்த மாற்றமும் தேவையில்லை. ரேடியேட்டரும் பழையதே போதும். வெல்டிங் கோலைத் தொடாமலே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

கியர்பெட்டியைப் பற்றி ஒரு சொல். உங்கள் பெட்டியின் உறை வெளியே வழுவழுப்பாக இருக்கும். 1098இன் பெட்டியில் வரிவரியாக எலும்புகள் போலப் புடைத்திருக்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். வரியுள்ள பெட்டியே வலுவானது. ஆனால் இரண்டிலும் முதலாம் கியருக்குச் சிங்ரோ கிடையாது, கார் முழுதாக நின்ற பிறகே முதலாம் கியரைப் போட வேண்டும். இதைப் பழுது என்று நினைத்துப் பெட்டியைக் கழற்றியவர்களும் உண்டு.

வவுனியா சன்னி எழுதியது:

மேலே எழுதியவரின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏ12 எஞ்சின் ஏற்றிய மொறிஸ் மைனரை அன்றாடம் ஓட்டுபவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏ12 என்பது 1171 சீசி. ஹெட் அலுமினியம். கிராங்க் தண்டு ஐந்து முதன்மைப் பேரிங்குகளில் சுழல்கிறது. மொறிஸின் ஏ வரிசை எஞ்சினில் மூன்றே மூன்று பேரிங்தான், ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஜப்பானிய அளவீட்டின்படி ஏ12 கொடுப்பது 68 குதிரைத்திறன். இத்தனைக்கும் அது மொறிஸ் எஞ்சினை விடப் பாரமானது அல்ல, எனவே காரின் முன்பக்கம் தாழ்வதில்லை. உதிரிப்பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்றும் கிடைக்கிறது. நிசான் நிறுவனம் 1950களில் ஒஸ்ரின் கார்களை உரிமம் பெற்றுத் தயாரித்தது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த எஞ்சினின் புஷ்ரொட் அமைப்பைப் பார்த்தால் பழகிய முகம் போலவே இருக்கும்.

வேலை எங்கே கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எஞ்சின் தாங்கிகள் புதிதாகச் செய்யப்பட வேண்டும். மைனரின் ஸ்டியரிங் ராக் எஞ்சினுக்குப் பின்னால், காலடித் தகட்டின் ஓரமாக ஓடுகிறது. எஞ்சினை எவ்வளவு பின்னே தள்ளலாம், எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை அந்த ராக்தான் தீர்மானிக்கும். முன்னே கொண்டுவந்தால் விசிறி ரேடியேட்டரில் முட்டும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சில அங்குலத்துக்குள்தான் முழு விளையாட்டும். ஐந்து கியர்ப் பெட்டி நீளமானது என்பதால் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்ற வேண்டும், பிரொப்பெல்லர் தண்டை வெட்டிக் குறுக்கிச் சமநிலை பார்க்க வேண்டும், கியர்க் கம்பி தரையில் வெளிவரும் இடத்தையும் மாற்றி வெட்ட வேண்டும். மைனரின் கிளச் மிதி கம்பி இணைப்பால் இயங்குவது. சன்னியின் கிளச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. ஆகவே கிளச்சுக்கென்று தனி மாஸ்டர் சிலிண்டர் வைக்க வேண்டும். பிறேக் மாஸ்டர் சிலிண்டரே ஓட்டுநரின் காலுக்குக் கீழே தரைச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கார் இது, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் தேடுவதற்கே நேரம் போகும்.

மின்சுற்றையும் மறந்துவிடக் கூடாது. மைனரில் பற்றறியின் நேர் முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். நிசான் அல்டர்நேட்டர் அதற்கு எதிர்மாறு. முனைகளை மாற்றாமல் இணைத்தால் அல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோட்டுகள் அந்த நிமிடமே எரிந்துவிடும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்து முடித்தால் 80 கிலோமீற்றர் வேகத்தில் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போகலாம். அந்தச் சுகத்துக்காகவே நான் செய்தேன். அரைகுறையாகச் செய்யும் கராஜ் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சுன்னாகம் மூத்த மெக்கானிக் எழுதியது:

பிள்ளைகள் எல்லோரும் எந்த எஞ்சினைப் போடலாம் என்று பேசுகிறீர்கள். இருக்கும் எஞ்சினைத் திறந்து அளந்து பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் நான் முதலில் கேட்பது, தொண்ணூறுகளில் அது ஓடியதா, நின்றதா என்பதுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் இங்குள்ள மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். கார் ஓடியது உண்மை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் உள்ள எண்ணெயையும் தண்ணீராக்கிவிடும். அப்படி ஓடிய எஞ்சின்களில் சிலிண்டரின் மேற்பகுதி, வளையம் நின்று திரும்பும் இடத்தில், விரல் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருக்கும். கிராங்க் பேரிங்குகளும் தேய்ந்திருக்கும். நின்ற கார் என்றால் துருதான் பிரச்சினை, அது சிலவேளை சிலிண்டரைத் தேய்த்து மெருகிடும் ஹோனிங் கல்லோடு போய்விடும்.

ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 020, 040 என்று எண் பொறித்திருந்தால் ஏற்கெனவே அத்தனை ஆயிரத்திலொரு பங்கு அங்குலம் பெருப்பித்துக் கடைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எண் இல்லாவிட்டால் அதிர்ஷ்டம். 040 என்றால் இனிமேல் லைனர் அடித்து, அதாவது சிலிண்டருக்குள் புதிய குழாயைச் செருகி, மூல அளவான 62.9 மில்லிமீற்றருக்குக் கொண்டுவருவதே நல்லது. லைனர் அடிப்பது குற்றமல்ல. நல்ல லேத் பட்டறையில் செய்தால் அந்த எஞ்சின் உங்கள் பிள்ளைகளின் காலத்துக்கும் நிற்கும்.

ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸோஸ்ற் வால்வுகள் எவ்வளவு உள்ளே அமர்ந்திருக்கின்றன என்றும் கவனியுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காக உருவாக்கப்பட்டது. இலங்கையில் 2002இலிருந்து ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. அந்த ஈயம்தான் வால்வு இருக்கைக்குக் கவசமாக இருந்தது. மெதுவாக ஊருக்குள் ஓடும் காருக்கு உடனே ஒன்றும் ஆகாது. கொழும்புக்கு ஓடப்போகிறீர்கள் என்றால் எக்ஸோஸ்ற் பக்கத்துக்குக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பதித்துவிடுங்கள். 1098 எடுத்தாலும் இதே வேலைதான்.

1098ஐப் பற்றி எழுதியவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதன் பிஸ்டன் ஓட்டம் 83.7 மில்லிமீற்றர், 948இல் 76.2 மட்டுமே. நீள ஓட்டம் இழுவைக்கு நல்லது, ஆனால் அதே மெல்லிய கிராங்க் தண்டுதான். அதைத் தொடர்ந்து 5,000 சுற்றுக்கு மேலே விரட்டுபவர்களிடம் அது முறிந்திருக்கிறது. 948 அப்படி முறிவது மிக அரிது. பொறுமையாக ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றே. விரட்டி ஓட்டும் மருமகன் யாராவது வீட்டில் இருந்தால் 948ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

5கே பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. வானில் ஏழெட்டுப் பேரை ஏற்றி இழுக்கச் செய்த 1486 சீசி எஞ்சின் அது. மிக நல்ல எஞ்சின். அதை மைனரில் ஏற்றினால் ஏழு அங்குல டிரம் பிறேக் அதை நிறுத்தாது, பின் அச்சின் அரைத் தண்டுகளும் அதன் இழுவையை நெடுங்காலம் தாங்கா. அச்சையும் மாற்றி, பிறேக்கையும் மாற்றி, சட்டத்தையும் வெட்டிய பிறகு உங்கள் பெரியப்பாவின் காரில் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள்.

லண்டன் ஈழவன் எழுதியது:

ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். இங்கே பிரித்தானியாவில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

இங்கு பரவலாகச் செய்யப்படும் மாற்றம் 1275 சீசி ஏ வரிசை எஞ்சின். எம்ஜி மிட்ஜெற்றிலோ மொறிஸ் மரீனாவிலோ இருந்து எடுப்பார்கள். அதே குடும்பத்து எஞ்சின் என்பதால் மைனரின் முன் தகட்டைப் பொருத்தினால் பழைய தாங்கிகளிலேயே உட்காரும், பின் தகடும் ஃப்ளைவீலும் உங்கள் கியர்பெட்டிக்கு இசைவானவையாக இருக்க வேண்டும். மினி காரின் 1275ஐ யாராவது மலிவாகத் தந்தால் ஏமாற வேண்டாம். அது குறுக்காகப் பொருத்தப்படும் எஞ்சின், அதன் கியர்பெட்டி சம்புக்குள்ளேயே இருக்கும். நேராகப் பொருத்துவதற்கு நிறையப் பாகங்களை மாற்றியாக வேண்டும். ஐந்து கியர் வேண்டுபவர்கள் ஃபோர்ட் டைப் 9 பெட்டியை ஆயத்தமாகக் கிடைக்கும் இணைப்பு உறையோடு வாங்குகிறார்கள். அதன் ஐந்தாம் கியர் விகிதம் 0.82 அளவில் இருக்கும்.

ஆனால் இதை உங்கள் 948இன் பின்னால் பூட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். 4.22 அச்சும் 0.82 ஐந்தாம் கியரும் சேர்ந்தால் 70 கிலோமீற்றரில் எஞ்சின் 2,200 சுற்றுக்குக் கீழே இறங்கிவிடும். 37 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு, நான்கு பேரும் சாமான்களுமாக, எதிர்க்காற்றில் ஆனையிறவைக் கடக்கும்போது அந்தக் கியரில் கார் முக்கும். நான்காம் கியருக்கே திரும்ப வருவீர்கள். ஐந்து கியர் என்பது எஞ்சினுக்கு மிச்சப் பலம் இருப்பவர்களுக்கும், 100, 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வீதிகள் உள்ளவர்களுக்கும் பொருந்தும்.

எந்த எஞ்சினைப் போட்டாலும் எட்டு அங்குல முன் டிரம்களுக்கு மாறுவதை இரண்டாம் யோசனையின்றிச் செய்யுங்கள். உடல் தகரங்களை மட்டும் இங்கிருந்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். மொறிஸ் மைனர் தகரங்களை இலங்கையில் செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்த காலமும் ஒன்று இருந்தது.

கோப்பாய் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சுன்னாகம் ஐயா சொன்னபடி ஹெட்டைக் கழற்றினோம். நான்கு பிஸ்டன்களிலும் 040 என்று தெளிவாக இருக்கிறது. மூன்றாம் சிலிண்டரின் மேற்பகுதியில் நகம் நன்றாகவே தட்டுகிறது. கார் 1992 வரை மண்ணெண்ணெயில் ஓடியதாக அம்மா சொல்கிறார். லைனர் அடித்து 948ஐயே கட்டுவதா, 1098 தொகுதியை வாங்குவதா என்ற இரண்டுக்குள் மட்டும் இப்போது நிற்கிறேன். 1098ஐப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவது கடினமா? கொடிகாமத்துக்காரர் டிபரன்சலையும் தருவதாகச் சொல்கிறார், ஆனால் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பேராதனைப் பட்டறை எழுதியது:

எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டாயம் மாற்றிப் பதிய வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் ஆவணம் கேட்பார்கள். கழற்றிய காரின் விவரத்தோடு எழுத்தில் விற்பனைச் சீட்டுத் தராதவரிடம் எஞ்சின் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. வேலையைத் தொடங்குமுன் திணைக்களத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள். 9M எஞ்சினை எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். நன்றாகக் கிறீஸ் பூசி, உறையிட்டு, வீட்டில் வையுங்கள். கார் யார் கைக்குப் போனாலும் அதுவும் கூடவே போக வேண்டும்.

வாங்குமுன் இரண்டையும் கையால் சோதித்துப் பாருங்கள். எஞ்சின் இலக்கம் 10MA என்று தொடங்க வேண்டும். தகடு மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ஹெட்டைக் கழற்றச் சொல்லி ஒரு பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை இறங்கும் தூரத்தை அளவுகோலால் பாருங்கள். 76 மில்லிமீற்றர் என்றால் அது 948, 84க்குக் கிட்ட என்றால் 1098. ஹெட் கழன்றிருக்கும்போதே ஐயா சொன்ன நகச் சோதனையையும் செய்துவிடலாம். சம்பைக் கழற்றி ஒரு முதன்மைப் பேரிங் மூடியையாவது திறந்து பார்க்க அனுமதிக்காவிட்டால், அந்த எஞ்சினைப் பழுதானதாகவே கணக்கிட்டு விலை பேசுங்கள்.

டிபரன்சலுக்குப் பற்களை எண்ணுவதே நிச்சயமான வழி. அலகு வெளியே கிடக்கிறது என்பதால் கிரவுண் சக்கரத்தின் பற்களைச் சோக்கட்டியால் ஒவ்வொன்றாக அடையாளமிட்டு எண்ணுங்கள். ஒன்பது பல் பினியனுடன் 38 பல் இருந்தால் 4.22. 41 இருந்தால் உங்களிடம் இருப்பதே, காசு கொடுக்க வேண்டாம். எட்டுப் பல் பினியனுடன் 43 இருந்தால் அது 948க்கு முந்திய 803 சீசி எஞ்சின் காலத்து 5.375, அதை யார் சும்மா தந்தாலும் வேண்டாம். பத்துக்கு 39 என்று வந்தால் அது மிட்ஜெற்றின் 3.9. அதுவும் உங்கள் அச்சுக்குள் உட்காரும், ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியரைவிட்டு மாற மாட்டீர்கள்.

4.22 கிடைத்தால் 1098 தொகுதியை எடுங்கள். கிடைக்காவிட்டால், அல்லது எஞ்சினுக்கு ஆவணம் இல்லாவிட்டால், லைனர் அடித்து 948ஐயே கட்டுங்கள். அப்போதும் வரியுள்ள கியர்பெட்டியை மட்டும் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். 1098இன் பின் தகடு, ஃப்ளைவீல், ஏழேகால் அங்குலக் கிளச் மூன்றும் பெட்டியோடு சேர்ந்து வர வேண்டும். அச்சு விகிதம் மாறினால் வேகமானியின் வாசிப்பும் பிழையாகும். 4.555க்கான மானியை 4.22உடன் வைத்தால் உண்மையில் 70இல் போகும்போது 65 என்று காட்டும். பொலிஸாருக்கு அந்த விளக்கம் போதாது, ஆகவே டிபரன்சலை வாங்கும்போது அதே காரின் வேகமானியையும் கேட்டுப் பாருங்கள்.

வவுனியா சன்னி எழுதியது:

ஆவணப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். என் ஏ12க்கும் இதே பதிவு மாற்றத்தைச் செய்தேன். எஞ்சினின் சீசியும் மாறுவதால் அதையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருந்தது. 1098க்கும் இது பொருந்தும், விண்ணப்பிக்கும்போது இரண்டையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடுங்கள். கொடிகாமம் போகும் நாளைச் சொன்னால் நானும் வருகிறேன், பேரிங் மூடியைத் திறக்கச் சாவிகள் என்னிடம் இருக்கின்றன.